காலையில் செல்ஃப் எடுக்கவில்லையா? அடிக்கடி டவுன் ஆகும் கார் பேட்டரிக்கு முழுமையான வழிகாட்டி

தை 3-ஆம் நாள் திண்டுக்கல் மாவட்டம் சேவுகம்பட்டி சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறைவிடும் திருவிழா. பிழைப்புக்காக வெளியூர் போனவர்கள் பொங்கலோடு சேர்த்து ஊருக்கு வந்துவிடுவார்கள். வீட்டில் தார்ப்பாய் போட்டு மூடிவைத்த காரைப் பலர் வெளியே எடுப்பதே அப்போதுதான். சாவியைத் திருகினால் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. உடனே வத்தலக்குண்டு மெக்கானிக்குக்குப் போன் போகும். “அண்ணே, வண்டி செல்ஃப் எடுக்க மாட்டேங்குதுண்ணே.” “பேட்டரி போட்டு எத்தனை வருசம் ஆச்சு? மூணா? அப்ப அது போயிருச்சு தம்பி, மாத்திரு.” மாற்றுவார்கள். அடுத்த விசேஷத்துக்கு வரும்போது அதே ‘டிக் டிக்’.

பேட்டரி திரும்பத் திரும்ப இறங்குகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். பேட்டரியே கிழடு தட்டியிருக்கலாம். இணைப்பு சரியில்லாமல் இருக்கலாம். வண்டி ஓடும்போது சார்ஜ் ஏறாமல் இருக்கலாம். வண்டி நிற்கும்போது கரண்ட் கசிந்துகொண்டிருக்கலாம். புது பேட்டரி இந்த நான்கில் முதலாவதற்கு மட்டும்தான் மருந்து. மற்ற மூன்றில் எது இருந்தாலும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புது பேட்டரியையும் அது சேர்த்துக் கெடுத்துவிடும்.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டால் போதும். தொட்டி விரிசலா, பைப் அடைப்பா, மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லையா, எங்கேயோ குழாய் ஒழுகுகிறதா? தொட்டி பேட்டரி, மோட்டார் ஆல்டர்னேட்டர். பார்க்காமல் தொட்டியை மாற்றுகிறவர் யாரும் இல்லை. காரிலும் அதே ஒழுங்கோடு ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எலக்ட்ரிக்கல் வேலை தெரியாதவர்களும் செய்யக்கூடியதுதான்.

தேவையான சாமான்கள்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் முக்கியம். ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற சாதாரண மீட்டரே போதும். ஆனால் அதில் 10 ஆம்பியர் வரை அளக்கும் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 10-ஆம் நம்பர் ஸ்பேனர், உப்புத்தாள் அல்லது பழைய கம்பி பிரஷ், கொஞ்சம் ஆப்பசோடா, வெந்நீர், வாஸ்லின், ரப்பர் கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி. தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு பாட்டில்.

கை வைப்பதற்கு முன் மூன்று விஷயம். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி, தீப்பொறி எதுவும் கூடாது. உள்ளே இருப்பது கந்தக அமிலம். தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், கண்ணில் பட்டால் கால்மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூன்றாவது, கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். பிளஸ்ஸை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டதும் பெரிய பொறி பறக்கும். கையில் மோதிரம், காப்பு இருந்தால் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

சத்தமே பாதி சொல்லிவிடும்

சாவியைத் திருகியதும் ‘டிக் டிக் டிக்’ என்று வேகமாக அடித்து, டேஷ்போர்டு விளக்குகள் மங்கினால் பேட்டரியில் சரக்கு இல்லை, அல்லது கிளாம்ப் லூஸ். எஞ்சின் ‘ஊ... ஊ...’ என்று சோம்பலாகச் சுற்றினால் பேட்டரி பலவீனம். ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டு, விளக்குகள் பளிச்சென்று அப்படியே எரிந்தால் பேட்டரியை விட்டுவிட்டு செல்ஃப் மோட்டாரையும் அதன் சாலினாய்டையும் சந்தேகப்படுங்கள். எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் எரிபொருள் அல்லது ஸ்பார்க் பக்கத்துக் கோளாறு. இந்தக் கட்டுரைக்கு வெளியே உள்ளது. எந்தச் சத்தமும் இல்லை, உள்விளக்குகூட எரியவில்லை என்றால் பேட்டரி முழுக்கக் காலி, இல்லையென்றால் டெர்மினல் விட்டுப்போயிருக்கிறது.

படி 1: டெர்மினல், கிளாம்ப், எர்த்

பேனட்டைத் திறந்ததும் கண்ணை பேட்டரியின் இரண்டு கொம்புகளில் வையுங்கள். வெள்ளையும் நீலமும் பச்சையும் கலந்த பொடி பூத்திருக்கிறதா? அமில ஆவி உலோகத்தை அரித்து உண்டாக்கிய உப்பு அது. கரண்ட் தாராளமாகப் போக விடாது. எஞ்சினைச் சுற்ற செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த அளவு கரண்டுக்கு இந்தப் பொடிப் படலமே சுவர் மாதிரி தடுக்கப் போதும். ஹாரனும் விளக்கும் சில ஆம்பியரில் வேலை செய்வதால் அவை ஒழுங்காக இருக்கும். ‘ஹாரன் அடிக்குதே, அப்ப பேட்டரி நல்லாத்தான் இருக்கு’ என்று ஏமாறுவது இங்கேதான்.

கிளாம்பைக் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். துளி அசைந்தாலும் லூஸ்தான். மைனஸ், பிறகு பிளஸ் என்று கழற்றி, வெந்நீரில் ஆப்பசோடாவைக் கரைத்து ஊற்றினால் பொடி நுரைத்துக் கரையும். அந்தத் தண்ணீர் பேட்டரி மூடியின் துளைக்குள் போய்விடக் கூடாது. உள்ளே இருக்கும் அமிலத்தை அது கெடுத்துவிடும். துடைத்து, கொம்பையும் கிளாம்பின் உள்பக்கத்தையும் உலோகம் மினுங்கும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். இறுக்கி மாட்டிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். மாட்டுவதற்கு முன் கிரீஸை அப்பிவிட்டுச் செருகுவது சிலரின் பழக்கம்; அது வேண்டாம்.

மைனஸ் கேபிளின் மறுமுனையை மறந்துவிடாதீர்கள். அது பாடியிலும் எஞ்சின் அல்லது கியர்பாக்ஸிலும் போல்ட் போட்டு முறுக்கியிருக்கும். பழைய வண்டிகளில் அந்த போல்ட் துருப்பிடித்து, மேலே கொம்பு பளபளவென்று இருந்தாலும் செல்ஃப் எடுக்காது. சோதிப்பது எளிது. மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு கம்பியை பேட்டரியின் மைனஸ் கொம்பிலும் மற்றதை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.5-க்கு மேல் போனால் எர்த் கேபிளைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். ‘அடிக்கடி டவுன்’ என்று வரும் வண்டிகளில் கணிசமானவை இந்த முதல் படியிலேயே சரியாகிவிடும். செலவு ஆப்பசோடா மட்டும்தான்.

படி 2: ஓய்வில் இருக்கும் பேட்டரியின் வோல்ட்

வண்டியை ஓட்டி நிறுத்திய உடனே அளக்காதீர்கள். அப்போது காட்டுவது மேலோட்டமான சார்ஜ். ராத்திரி முழுக்க நின்ற பிறகு, காலையில் சாவி போடுவதற்கு முன் மீட்டரின் சிவப்பை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வையுங்கள்.

12.6 அல்லது 12.7 வோல்ட் என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.0 கால்வாசிதான். 11.8-ம் அதற்குக் கீழும் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ‘பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, பன்னிரண்டு காட்டுது, நல்லாத்தானே இருக்கு’ என்பது பலரும் செய்யும் தவறு. பன்னிரண்டு காட்டும் பேட்டரி கிட்டத்தட்ட தரைதட்டிய பேட்டரி.

எவ்வளவு சார்ஜ் போட்டாலும் 10.5 வோல்ட்டைத் தாண்டவில்லை என்றால் ஒரு செல் செத்திருக்கிறது. உள்ளே ஆறு செல்கள், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். ஒன்று போனால் கணக்கு அங்கேதான் வந்து நிற்கும். அந்த பேட்டரிக்கு வேறு வைத்தியம் கிடையாது.

மூடி திறக்கும் வகை பேட்டரியில் தண்ணீர் அளவையும் இப்போதே பாருங்கள். பிளேட்டுகள் தண்ணீருக்கு மேலே தலைகாட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பகுதி காய்ந்து வீணாகும். டிஸ்டில்ட் வாட்டரை மட்டும் ஊற்றுங்கள். நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம். அது உள்ளே போனால் பேட்டரியின் ஆயுள் குறையும். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம், அதிலும் கொஞ்சம் உப்பு மிஞ்சியிருக்கும். ஆசிட் ஊற்றவே கூடாது. வெயிலில் வற்றுவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. தண்ணீர் மிகவும் இறங்கியிருந்தால் பிளேட் மூழ்கும்வரை மட்டும் ஊற்றிச் சார்ஜ் போட்டு, அதன்பின் குறியீட்டுக் கோடுவரை நிரப்புங்கள். முதலிலேயே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது அமிலம் பொங்கி வெளியே வழியும்.

படி 3: சார்ஜ் போட்டுவிட்டு ஒரு பரீட்சை

காலி பேட்டரியை வைத்துக்கொண்டு அது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. முதலில் கழற்றி, மெதுவாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும். சின்ன பெட்ரோல் கார்களில் இருப்பது பெரும்பாலும் 35 ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர்) பேட்டரி. அதற்கு 3.5 ஆம்பியர் அளவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். ‘அரைமணி நேரத்துல பாஸ்ட் சார்ஜ் போட்டுத் தரேன்’ என்று கடையில் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதிகக் கரண்டில் சூடேறி பிளேட் வளையும்.

சார்ஜ் முடிந்து சில மணி நேரம் ஆறவிட்டு, மாட்டி, மீட்டரைக் கொம்பிலேயே வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். எஞ்சின் சுற்றும் அந்த இரண்டு மூன்று விநாடியில் மீட்டர் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரி திடமாக இருக்கிறது. 9.6-க்குக் கீழே விழுந்தால், அதுவும் முழுச் சார்ஜில் விழுந்தால், பேட்டரியின் காலம் முடிந்துவிட்டது.

நம் சமவெளியில் பேட்டரியைத் தின்பது வெயில். சித்திரை வைகாசியில் வெளியே 38, 39 டிகிரி என்றால் எஞ்சின் பக்கத்தில் இருக்கும் பேட்டரிக்கு அதைவிட எவ்வளவோ கூடுதல். வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. வெயில் கெடுத்ததைக் குளிர்தான் காட்டிக்கொடுக்கும். கீழே சேவுகம்பட்டியில் எப்படியோ ஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்த வண்டி, கொடைக்கானலில் ஒரு ராத்திரி நின்றால் மறுநாள் காலை அசையாது. குளிரில் பேட்டரியின் வேகம் குறையும், எஞ்சின் ஆயில் கெட்டியாகிச் சுற்றுவதற்கு இன்னும் அதிக பலம் கேட்கும். ஆகவே மார்கழியில் மலையேறப் போகிறவர்கள் இந்தப் பரீட்சையைக் கிளம்புவதற்கு முன்னாலேயே செய்து பாருங்கள்.

படி 4: ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறதா?

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரிக் கொம்பில் அளந்தால் 13.8-லிருந்து 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பிடித்து மறுபடி பாருங்கள். அப்போதும் 13.5-க்கு மேல் நின்றால் நல்லது.

எஞ்சின் ஓடியும் 12.5 என்று பேட்டரியின் வோல்ட்டையே காட்டினால் சார்ஜ் ஏறவில்லை. முதலில் பெல்ட்டைப் பாருங்கள். தளர்ந்திருந்தால், பாளம் பாளமாக வெடித்திருந்தால் அதுதான் காரணம், காலையில் ‘கீ...ச்’ என்று கத்தும் பெல்ட் அதை முன்கூட்டியே சொல்லியிருக்கும். பெல்ட் சரி என்றால் ஆல்டர்னேட்டரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், ரெகுலேட்டர் போயிருக்கலாம். வத்தலக்குண்டிலோ திண்டுக்கல்லிலோ ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் பிரஷ் மட்டும் மாற்றிச் சரிசெய்ய முடிகிற சமயமும் உண்டு. 1961-ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் சென்னை பாடியில் செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் தயாரிக்கிறது; ஆகவே பல வண்டிகளுக்கு உதிரிபாகம் நம் மாநிலத்திலேயே தாராளம்.

15 வோல்ட்டைத் தாண்டினால் எதிர்த்திசைக் கோளாறு. ரெகுலேட்டர் கட்டுப்பாடின்றி ஏற்றுகிறது. பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும், பல்புகள் அடிக்கடி பியூஸ் போகும், அழுகிய முட்டை வாடை வரும். அந்த வாடை வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்.

புதிய வண்டிகளில் சிலவற்றில் எரிபொருள் மிச்சம் பிடிக்க ஆல்டர்னேட்டர் தன் வோல்ட்டை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். அவற்றில் ஒரு சமயம் 12.8 காட்டினாலும் பயப்பட வேண்டாம். ஹெட்லைட்டைப் போட்டதும் 14-ஐ நோக்கி ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒரு பழைய வழக்கத்தை இங்கே கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போதே பேட்டரி கிளாம்பைக் கழற்றி, ‘எஞ்சின் நிக்கலை, அப்ப டைனமோ நல்லாருக்கு’ என்று சோதிப்பார்கள். அம்பாசடர் காலத்தில் அது நடந்தது. இன்றைய வண்டியில் பேட்டரி விலகிய கணமே வோல்ட் எகிறி, எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் கருகிப் போகலாம். பேட்டரி விலையைப்போல் பல மடங்கு செலவு அது. யார் செய்ய வந்தாலும், எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், வேண்டாம் அண்ணே என்று கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள்.

படி 5: நிற்கும் வண்டியில் கசியும் கரண்ட்

பேட்டரி நன்றாக இருக்கிறது, சார்ஜும் ஏறுகிறது, ஆனால் மூன்று நாள் நிறுத்தினால் டவுன். இப்படிப்பட்ட வண்டிக்குத்தான் பேட்டரியை மாற்றி மாற்றிப் பணத்தைக் கொட்டுகிறார்கள். பொறுமையாக ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஆள் பிடிபடுவான்.

முதலில் கணக்கு. சாவியை எடுத்துப் பூட்டிய பிறகும் கடிகாரம், லாக், கம்ப்யூட்டர் நினைவகம் இவற்றுக்காக வண்டி கொஞ்சம் கரண்ட் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை, அதாவது 0.05 ஆம்பியர் வரை, நியாயமானது. அந்த அளவிலேயே ஒரு நாளைக்கு 1.2 ஏ.ஹெச். இறங்கும், 35 ஏ.ஹெச். பேட்டரி இரண்டு வாரத்தில் பாதியாகிவிடும். கசிவு அரை ஆம்பியர் என்றால் நாளைக்கு 12 ஏ.ஹெச்.; மூன்றாம் நாள் வண்டி எடுக்காது. டிக்கியில் அணையாமல் எரியும் 5 வாட் பல்பு ஒன்றே கிட்டத்தட்ட அந்த அளவு குடித்துவிடும்.

ஆகவே மீட்டரைத் தொடுவதற்கு முன் அந்த பல்பைப் பாருங்கள். போனில் வீடியோ ரெக்கார்டிங்கை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடிவிட்டு, கொஞ்சம் பொறுத்துத் திறந்து எடுங்கள். மூடிய பிறகு படம் இருட்டாக வேண்டும். டேஷ்போர்டுப் பெட்டிக்குள் இருக்கும் விளக்குக்கும் இதே சோதனை.

அதில் ஒன்றும் சிக்கவில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள்:

1. பேனட்டைத் திறந்து வையுங்கள். டிரைவர் கதவைத் திறந்தபடியே வைத்து, கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிடுங்கள். கதவு மூடியிருக்கிறது என்று வண்டி நினைத்துக்கொள்ளும். பியூஸ் பெட்டிக்கு உங்கள் கையும் எட்டும்.

2. சாவியை வண்டியிலிருந்து தள்ளி, வீட்டுக்குள் வையுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டிக்கு இது கட்டாயம். சாவி பக்கத்தில் இருந்தால் வண்டி தூங்காது.

3. மீட்டரின் சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, டி.சி. ஆம்பியரில் வையுங்கள். பேட்டரியின் மைனஸ் கிளாம்பைக் கழற்றி, சிவப்பை கிளாம்பிலும் கறுப்பை மைனஸ் கொம்பிலும் கிளிப்பால் மாட்டுங்கள். இப்போது வண்டி குடிக்கும் கரண்ட் முழுக்க மீட்டர் வழியாகப் போகிறது. இந்த நிலையில் சாவி போடவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது, மீட்டர் போய்விடும்.

4. அரைமணி நேரம் காத்திருங்கள். மாட்டியவுடன் சில ஆம்பியர் காட்டும். வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போகப் போக எண் படிப்படியாக இறங்கும். அவசரப்பட்டு முதல் எண்ணைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

5. 0.05-க்குள் வந்து நின்றால் கசிவு இல்லை. 0.2, 0.5 என்று அடம்பிடித்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் எண் சடாரென்று விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. அது எதற்கான பியூஸ் என்று பெட்டியின் மூடியிலேயே எழுதியிருக்கும்.

பியூஸைப் பிடுங்காமலும் பார்க்கலாம். ஒவ்வொரு பியூஸின் முதுகிலும் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். பேட்டரியைக் கழற்றாமல், மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து அந்த இரண்டு புள்ளியையும் தொடுங்கள். பூஜ்யம் என்றால் அதில் கரண்ட் ஓடவில்லை. எண் வந்தால் ஓடுகிறது. தூங்கும் வண்டியை எழுப்பாத முறை இது. புதிய வண்டிகளுக்கு இதைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

பெரும்பாலும் பிடிபடுவது வெளியே வாங்கி மாட்டிய சாமான்கள்தான். சாவி எடுத்தாலும் அணையாதபடி நேரே பேட்டரியிலிருந்து வயர் இழுத்த மியூசிக் சிஸ்டம், ஆம்ப்ளிஃபயர், ஜிபிஎஸ் கருவி, டேஷ்கேம், வெளிக்கடை சென்ட்ரல் லாக். இவற்றின் கரண்டை ‘சாவி போட்டால் மட்டும் வரும்’ வயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அடுத்தது ஒட்டிக்கொண்ட ரிலே. அதைக் கழற்றி அதே எண்ணுள்ள இன்னொன்றை மாட்டிப் பார்த்தால் தெரியும். தென்னந்தோப்பு ஓரத்தில், நெல்லும் தீவனமும் வைத்த கொட்டகைப் பக்கத்தில் நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்த வயர் சர்வ சாதாரணம். பேனட்டுக்குள் தேங்காய் நார், எலிப்புழுக்கை இருந்தால் டார்ச் அடித்து வயர்களைப் பாருங்கள். கடிபட்ட வயருக்கு வெறுமனே டேப் சுற்றினால் போதாது, வெட்டி ஒட்டி இன்சுலேஷன் குழாய் மாட்ட வேண்டும்.

எல்லா பியூஸையும் பிடுங்கியும் எண் இறங்கவில்லை என்றால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடைச் சந்தேகப்படுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுவென்று இருக்கும். எஞ்சின் ஓடும்போது மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து பேட்டரியில் அளந்தால் 0.5-க்கு மேல் காட்டும். இது கடைக்காரர் வேலை. ஆனால் கோளாறு என்ன என்று நீங்களே சொல்லிக் கொடுக்கலாம்.

கோளாறே இல்லாமல் டவுன் ஆகும் வண்டி

எல்லாப் படியிலும் வண்டி தேறிவிட்டது, ஆனாலும் டவுன் ஆகிறது என்றால் ஓட்டும் விதம்தான் காரணம். வீட்டிலிருந்து வத்தலக்குண்டு கடைவீதி, திரும்பி வீடு. அல்லது பட்டிவீரன்பட்டி வரை. அதுவும் சாயங்காலம், லைட்டும் ஏசியும் போட்டு. பேட்டரிக்கு ஏறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை.

வெளியூரிலிருந்து மகன் போன் செய்து, “அப்பா, வாரத்துக்கு ஒரு தடவை வண்டிய அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி வைங்க” என்பான். அப்பாவும் தவறாமல் செய்வார். அதனால் பயன் மிகக் குறைவு. வாரம் முழுக்க நின்றதில் 8 ஏ.ஹெச். வரை இறங்கியிருக்கும். வாசலில் நின்றபடி ஐந்து நிமிடம் ஓடினால் அதில் ஒரு சிறு பங்குதான் ஏறும். அதற்குப் பதில் வாரம் ஒருமுறை செம்பட்டி தாண்டி திண்டுக்கல் சாலையில் முக்கால் மணி நேரம் ஓட்டி வாருங்கள். மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரியை முழுக்கச் சார்ஜ் போட்டு, மைனஸ் கிளாம்பைக் கழற்றி வைத்துவிடுங்கள். ரேடியோ, கடிகாரம் போன்றவற்றின் செட்டிங் போகும், பெரிய நஷ்டம் வேறில்லை. காலியாக வாரக்கணக்கில் கிடக்கும் பேட்டரியின் பிளேட்டில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுப் போகும்; அதன்பிறகு சார்ஜ் ஏறாது. நல்ல பேட்டரி சாவது இப்படித்தான்.

வழியில் நின்றுவிட்டால்

இன்னொரு வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போடலாம். உதவிக்கு வரும் வண்டி 12 வோல்ட் வண்டியாக இருக்க வேண்டும். கார், டிராக்டர் பெரும்பாலும் 12. பெரிய லாரி, பஸ் 24. அதிலிருந்து போட்டால் உங்கள் காரின் எலக்ட்ரானிக்ஸ் தொலைந்தது.

சிவப்பு ஒரு முனை செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனை செத்த வண்டியின் எஞ்சின் உலோகத்தில், பேட்டரியை விட்டுத் தள்ளி. கடைசி இணைப்பில் பொறி பறக்கும் என்பதால்தான் அந்தத் தூரம். நல்ல வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு உங்கள் வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். மாட்டிய வரிசையைத் தலைகீழாக்கிக் கழற்றுங்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது கியர் வண்டிக்குத்தான், ஆட்டோமேட்டிக்குக்கு நடக்காது. பேட்டரி அடியோடு காலி என்றால் பெட்ரோல் பம்ப்பும் கம்ப்யூட்டரும் எழாது. எத்தனை பேர் தள்ளினாலும் பலன் இல்லை.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

மூன்றாவது படிப் பரீட்சையில் தோற்ற பேட்டரியை மாற்றுங்கள். நம் வெப்பத்தில் மூன்று, நான்கு வருடம் உழைத்திருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழையதில் இருந்த ஏ.ஹெச். அளவையே வாங்குங்கள். பிளஸ் கொம்பு வலப்பக்கமா இடப்பக்கமா என்று பாருங்கள். மாறினால் கேபிள் எட்டாது. சிக்னலில் தானாக அணைந்து எழும் வண்டி என்றால் அதற்கென்றே உள்ள ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகையில் பழையது எதுவோ அதைத்தான் போட வேண்டும், விலை குறைவென்று சாதாரணத்தைப் போட்டால் சீக்கிரம் போய்விடும். தயாரித்த மாதத்தைக் கேளுங்கள். அலமாரியில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்த பேட்டரி வேண்டாம். பில்லும் வாரண்டி கார்டும் தேதி போட்டு முத்திரையோடு வாங்குங்கள். மாட்டிய பிறகு பேட்டரியைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டை இறுகியிருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். நம் சாலைக் குலுக்கலில் ஆடும் பேட்டரியின் பிளேட் உதிரும். மாட்டிய அன்றே நான்காவது படியையும் ஐந்தாவது படியையும் ஒருமுறை செய்துவிடுங்கள்.

பழைய பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். உள்ளே இருப்பது ஈயமும் கந்தக அமிலமும். உடைத்து வாய்க்காலில் ஊற்றினால் தோப்பும் கிணறும் சேர்ந்து கெடும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து, அதற்கான தொகையை பில்லில் கழிக்கச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.